நீல நாற்காலியில சரிஞ்சு கிடக்குற பொண்ணு: இம்ப்ரெஷனிசத்த ஒரு படத்த வெச்சு புரிஞ்சுக்கலாம்

ஒரு ரூம். ரூம் முழுக்க நீலக் கலர்ல சோபாவும் நாற்காலியுமா அடைச்சுக்கிட்டு இருக்கு. வலது பக்கம் முன்னாடி இருக்கற நாற்காலியில ஒரு சின்னப் பொண்ணு, உக்காந்திருக்கான்னு சொல்ல முடியாது, சரிஞ்சு கிடக்கா. வெள்ளை கவுன், இடுப்பச் சுத்தி கட்டம் போட்ட துணி, தலையில அதே துணியில ஒரு ரிப்பன் முடிச்சு, அதுக்கு மேட்ச்சா சாக்ஸ், பக்கிள் வெச்ச கருப்பு ஷூ. யாரோ பாத்துப் பாத்து டிரஸ் பண்ணி விட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு அதெல்லாம் கண்டுக்கவே இல்ல, ஒரு கைய மடக்கி தலைக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, இன்னொரு கைய நாற்காலிக் கைப்பிடி மேல தொங்க விட்டுட்டு, ரெண்டு காலையும் அகட்டிப் போட்டு, கவுன் மேல ஏறி உள்பாவாடை தெரியறதக்கூட கவனிக்காம கீழ எங்கேயோ பாத்துக்கிட்டு இருக்கா. இடது பக்கம் இன்னொரு நீல நாற்காலியில ஒரு குட்டி நாய் தூங்குது. அவ்வளவுதான் படம்.

இது 1878ல மேரி கசாட்னு ஒரு பெண் ஓவியர் வரைஞ்சது. ‘நீல நாற்காலியில் சிறுமி’ன்னு தமிழ்ல சொல்லலாம். இப்ப அமெரிக்காவுல வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு, கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம், 130 செ.மீ. அகலம். இம்ப்ரெஷனிசம்ங்கற ஓவிய பாணின்னா என்னன்னு யாராவது கேட்டா நிறைய பேர் மொனேங்கற ஓவியரோட அல்லிக் குளத்தத்தான் காட்டுவாங்க, நான் இந்தப் பொண்ணத்தான் காட்டுவேன். ஏன்னா குளத்துல தண்ணி எப்படி இருந்தாலும் தண்ணிதான், கலங்கலா வரைஞ்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஒரு குழந்தையோட முகத்தையும் உடம்பையும் வரையும்போதுதான் இந்த முறையோட கஷ்டமும் அழகும் ரெண்டும் வெளிய வருது.

மொதல்ல அந்தப் பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். அந்தக் காலத்துல பாரிஸ்ல ஒரு ஓவியருக்குப் பேர் கிடைக்கணும்னா சலான்னு ஒரு பெரிய அரசாங்கக் கண்காட்சி, அதுல படம் தேர்வாகணும். அத விட்டா மக்கள் பாக்குறதுக்கு வேற பெரிய இடமே கிடையாது. அந்தத் தேர்வுக் குழுவ நம்பி இருக்கறது போதும்னு நெனச்ச சில பேர் 1874 ஏப்ரல்ல நதார்ங்கற போட்டோகிராபர் முன்னாடி வெச்சிருந்த ஸ்டூடியோவ எடுத்து சொந்தமா ஒரு கண்காட்சி போட்டாங்க. மொனே, ரெனுவார், டெகா, பிசாரோ, பெர்த் மொரிசோ எல்லாம் அதுல இருந்தாங்க. மொனே வெச்ச ஒரு துறைமுகப் படத்துக்கு ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’னு பேர். லூயி லெருவான்னு ஒரு பத்திரிகைக்காரர் அந்த வார்த்தைய எடுத்து வெச்சுக்கிட்டு நக்கல் பண்ணி எழுதினார், சுவத்துல ஒட்டுற வால்பேப்பர் பாதி தயாரா இருக்கும்போதுகூட இந்தப் படத்த விட முழுசா இருக்கும்னு. திட்டறதுக்கு வெச்ச பேர் அப்படியே நிலைச்சுப் போச்சு.

இம்ப்ரெஷன்னா மனசுல பதியற முதல் பதிவு, ஒரு பார்வையில கண்ணுல வந்து விழறது. ஒரு பொருள் எப்படி இருக்குன்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சத வரையறது ஒண்ணு, அந்த நிமிஷம் அந்த வெளிச்சத்துல கண்ணுக்கு எப்படி வந்து விழுதோ அத வரையறது இன்னொண்ணு. இந்தக் கூட்டம் ரெண்டாவதப் பிடிச்சுக்கிச்சு. கேக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா வரைய உக்காந்தா எல்லாமே மாறிடும்.

சலான்ல எடுபட்ட படங்கள் எப்படி இருக்கும்னா, வழுவழுன்னு இருக்கும். பென்சில்ல துல்லியமா வரைஞ்சு, பெரும்பாலும் இருட்டான ஒரு அடிப்பூச்சு மேல ஒவ்வொரு லேயரா பெயின்ட் ஏத்தி, ஒரு லேயர் காயற வரைக்கும் காத்திருந்து அடுத்தது போட்டு, கடைசியில பிரஷ் போன தடமே தெரியாத அளவுக்கு மழமழப்பாக்கி விடுவாங்க. கை பட்டதே தெரியக்கூடாது, அதுதான் முடிஞ்ச படம். அது மட்டமான வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தத் திறமைக்கு வருஷக்கணக்கா பயிற்சி வேணும். ஆனா அந்த முறையில ஒரு சிக்கல் இருக்கு, படத்துல இருக்கற எல்லாமே ஒரே அளவு கூர்மையா இருக்கும், முகமும் கூர்மை, பட்டனும் கூர்மை, பின்னாடி இருக்கற திரைச்சீலையோட குஞ்சமும் கூர்மை.

நம்ம கண்ணு அப்படிப் பாக்குறதே இல்ல. இப்பவே செஞ்சு பாருங்க, கைய நேரா நீட்டி கட்டை விரல் நகத்தப் பாருங்க. கண்ணு நிஜமாவே கூர்மையாப் பாக்குற இடம் ஏறக்குறைய அந்த நகம் அளவுதான். கண்ண அசைக்காம நகத்தையே பாத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற புத்தகத்துல என்ன எழுதி இருக்குன்னு படிக்கப் பாருங்க, முடியாது. கலர் இருக்கும், உருவம் குத்துமதிப்பா இருக்கும், எழுத்து இருக்காது. கண்ணு விடாம ஓடிக்கிட்டே இருக்கறதால எல்லாமே தெளிவாத் தெரியற மாதிரி நமக்கு ஒரு நெனப்பு, அவ்வளவுதான். இம்ப்ரெஷனிஸ்ட் படத்துல சில இடம் தெளிவாவும் மத்த இடமெல்லாம் கலைஞ்ச மாதிரியும் இருக்கறத அவசரத்துல விட்டுட்டுப் போனதுன்னு எடுத்துக்காதீங்க. கண்ணு எங்க நிக்குது, எங்க சும்மா தடவிட்டுப் போகுதுன்னு அவங்க யோசிச்சு எடுத்த முடிவு அது.

அடுத்தது கலர். ஒரு வெள்ளை வேட்டிய வெயில்ல பாதி, நிழல்ல பாதி வர்ற மாதிரி காயப் போட்டுட்டு நிழல்ல இருக்கற பாதிய உத்துப் பாருங்க. வெள்ளைன்னு மூளை சொல்லும், ஆனா வெளிச்சமான வானம் மேல இருக்கும்போது அந்த நிழல் லேசா நீலமா இருக்கும், பக்கத்துல செங்கல் சுவர் இருந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் சிவப்பு ஏறி இருக்கும். நிழல்னா கருப்பு கலந்த கலர்னு நாம ஸ்கூல்ல கத்துக்கிட்டது பாதி பொய். இந்த ஓவியர்கள் நிழலுக்கும் கலர் உண்டுன்னு பாத்தாங்க, அதனால வெள்ளைத் துணி வரையணும்னா அவங்க கலர் கலக்கற தட்டுல வெள்ளையோட நீலமும் சாம்பலும் ரோஸும் மஞ்சளும் சேந்தே செலவாகும்.

இப்ப நம்ம பொண்ணுகிட்ட திரும்பி வாங்க. அவ கவுனப் பெருசாக்கிப் பாத்தா வெள்ளைங்கறது எவ்வளவு கொஞ்சம்னு தெரியும், வெளிச்சம் நேரா விழற மடிப்புல மட்டும் கெட்டியா வெள்ளை, மத்த இடமெல்லாம் சாம்பலும் நீலமும் கலந்த தீத்தல். அந்த நாற்காலி இன்னும் சுவாரசியம். தூரத்துலேர்ந்து பாத்தா பூப் போட்ட நீல மெத்தைத் துணி, நல்லா உறை தைச்ச பழைய நாற்காலி. கிட்டப் போனா பூவே இல்ல. பச்சை கலந்த நீலம் ஒரு இழுப்பு, அது மேல ஈரம் காயறதுக்குள்ள வெளிர் கலர்ல ஒரு அப்பு, பக்கத்துல ஆரஞ்சோ சிவப்போ ஒரு பொட்டு, பிரஷ் எந்தத் திசையில போச்சு எங்க நின்னுச்சுன்னு கூட தடம் தெரியுது. கசாட் உங்களுக்குப் பூவ வரைஞ்சு குடுக்கல, பூவ நீங்களே பாத்துக்கறதுக்கு வேண்டியத மட்டும் குடுத்திருக்காங்க. மீதி வேலைய நம்ம கண்ணு பண்ணிக்குது, அது பண்ணும்போது ஒரு சந்தோஷம் வருது பாருங்க, இந்தப் படங்கள் இன்னிக்கும் அலுக்காம இருக்கறதுக்கு அதுதான் காரணம்னு நான் நெனைக்கறேன்.

இதெல்லாம் அந்தக் காலகட்டத்துல ஏன் நடந்துச்சுன்னா, பொருள் சார்ந்த காரணமும் உண்டு. 1841ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்கர் தகர ட்யூபுல பெயின்ட் அடைக்கற முறையக் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி பன்னி மூத்திரப்பையில கட்டி வெச்சுப் பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க. ட்யூப் வந்ததும் பெயின்ட எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்னு ஆச்சு. அதோட பழைய காலத்துல தங்க விலை வித்த நீலத்துக்குப் பதிலா ஃபேக்டரியில செய்யற மலிவான நீலம் வந்துடுச்சு. ஒரு ரூம் முழுக்க நீல சோபாவா வரைஞ்சு தள்ளறதுக்கு தாராளமா நீலம் வேணும் இல்லையா.

சரி, முகம். போர்ட்ரெய்ட்டுன்னு, அதாவது ஒரு ஆள அடையாளம் தெரியற மாதிரி வரையறதுன்னு வந்துட்டா ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கு. மரத்தோட கிளை ஒரு விரக்கடை தள்ளிப் போனா மரம் கோவிச்சுக்காது, மூக்கு ஒரு நூல் தள்ளிப் போனா அது வேற ஆள். அதுலயும் காசு குடுத்து வரையச் சொன்ன அப்பா அம்மாவுக்கு தன் பிள்ளை தன் பிள்ளை மாதிரியே இருக்கணும். எல்லாத்தையும் வெளிச்சமா கரைச்சுப் பாக்குற ஒரு முறையில ஒரு ஆளோட முகத்த எப்படிக் கரைக்காம காப்பாத்தறது?

இதுக்கு ரெனுவார் கண்ட வழியப் பாக்கணும்னா ஐரீன் படத்தப் பாக்கணும். 1880ல பாரிஸ்ல லூயி கான் தான்வெர்னு ஒரு பணக்கார யூத பேங்கர், தன்னோட எட்டு வயசு மூத்த பொண்ணு ஐரீன வரையச் சொல்லி ரெனுவார்கிட்ட கேட்டார். வீட்டுத் தோட்டத்துல ரெண்டே தடவை உக்கார வெச்சு முடிச்சிட்டார். 65க்கு 54 செ.மீ., சின்னப் படம்தான். வெளிர் நீல கவுன், மடியில வெச்ச கை, பக்கவாட்டுல திரும்பின முகம், பின்னாடி பச்சைப் புதர். அந்த முகத்தப் பாருங்க, கன்னத்துல பிரஷ் தடமே கிடையாது, பீங்கான் மாதிரி. ரெனுவார் 13 வயசுல பீங்கான் தட்டுல பூ வரையற வேலைக்குப் போனவர், அந்தக் கைப் பழக்கம் இங்க வந்து நிக்குதுன்னு எனக்குத் தோணும். அப்படியே கண்ணக் கொஞ்சம் இறக்கினா முடி, தோள் வழியா இடுப்பு வரைக்கும் செம்பட்டையா இறங்குது, அதுல பொன்னிறம், காப்பிக் கலர், சிவப்புன்னு நீள நீளமா பிரஷ் ஓடுது. அதையும் தாண்டி பின்னாடி இருக்கற புதர்ல ஒரு இலைக்குக்கூட விளிம்பு கிடையாது. முகத்துலேர்ந்து தள்ளிப் போகப் போக பிரஷ் அவிழ்ந்துக்கிட்டே போகுது. அந்தக் கட்டை விரல் நகம் ஞாபகம் இருக்கா, அதேதான். கண்ணு முகத்துல நிக்குது, மத்ததெல்லாம் ஓரத்துல வந்து விழுது.

அந்தப் படத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா அதுக்கப்புறம் நடந்தத சொல்லாம என்னால தாண்ட முடியல. ஐரீன் வளந்து கல்யாணம் ஆகி, அவங்களுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் நிசிம் முதல் உலகப் போர்ல விமானப் படையில இருந்து 1917ல செத்துப் போனார். பொண்ணு பெயாட்ரிஸ்கிட்டதான் அந்தப் படம் இருந்துச்சு. 1941ல நாஜிகள் படத்தப் பறிச்சுக்கிட்டாங்க, அது நாஜித் தலைவர்கள்ல ஒருத்தரான கோரிங் கைக்குப் போச்சு. பெயாட்ரிஸையும், அவங்க வீட்டுக்காரரா இருந்தவரையும், ரெண்டு பிள்ளைகளையும் ஆஷ்விட்ஸ்ங்கற நாஜிகளோட கொலை முகாமுக்கு அனுப்பினாங்க, ஒருத்தரும் திரும்பல. 1881ல ரெனுவார் ஐரீனோட ரெண்டு தங்கச்சிகளையும் சேத்து ஒரே படத்துல வரைஞ்சிருந்தார், ஒருத்தி ரோஸ் பெல்ட், ஒருத்தி நீல பெல்ட், இப்ப பிரேசில்ல சாவ் பாவ்லோ மியூசியத்துல இருக்கு. அந்த நீல பெல்ட் குழந்தை எலிசபெத், எழுபத நெருங்கற வயசுல 1944ல ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு போற வழியில செத்துப் போனாங்க. போர் முடிஞ்சதும் ஐரீனுக்கு தன் படம் திரும்பக் கிடைச்சது, 1949ல வித்துட்டாங்க. வாங்கினவர் எமில் பியூர்லே, சுவிட்சர்லாந்துல ஆயுத ஃபேக்டரி வெச்சிருந்தவர், ஜெர்மனிக்கும் ஆயுதம் வித்தவர். இன்னிக்கு அந்தப் படம் சூரிச்சுல இருக்கு. அந்த எட்டு வயசு முகத்த இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் பாக்கும்போது ரெனுவார் வரைஞ்ச அந்த மதிய வெளிச்சம் என்ன என்னவோ பண்ணுது எனக்கு.

இப்ப ஐரீனையும் நம்ம நீல நாற்காலிப் பொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெனுவார் வெளிச்சத்துல புதுசு பண்ணார், பிரஷ்ல புதுசு பண்ணார், ஆனா குழந்தைய உக்கார வெச்ச விதம் பழசுதான். நேரா உக்காரு, கைய மடியில வை, அசையாத. பல நூறு வருஷமா ஐரோப்பாவுல பணக்கார வீட்டுக் குழந்தைகள அப்படித்தான் வரைஞ்சாங்க, ஸ்பெயின் அரண்மனையில வெலாஸ்கெஸ் வரைஞ்ச குட்டி இளவரசியப் பாத்தா பெரியவங்களோட டிரஸ்ஸ சின்னதாத் தைச்சுப் போட்டு நிக்க வெச்ச மாதிரி இருக்கும். இல்லேன்னா ரொம்ப இனிக்க இனிக்க, உருண்டைக் கண்ணோட, கையில ஒரு பூனைக்குட்டியோ பூவோ குடுத்து, பாக்கறவங்க ‘அச்சச்சோ என்ன அழகு’ன்னு சொல்லணும்னே வரைவாங்க.

கசாட் அந்த ரெண்டையும் பண்ணல. எங்க அக்கா பொண்ணு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்ததும் பட்டுப் பாவாடையோட சோபாவுல தொப்புன்னு விழுந்து கிடப்பா, கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டா. அந்த உடம்ப நான் மொதல்ல ஒரு ஓவியத்துல பாத்தது இந்தப் படத்துலதான். போரடிச்சுப் போன உடம்பு, பெரியவங்க டிரஸ் பண்ணி விட்ட அழக எல்லாம் மறந்துட்டு தனக்கு எப்படி சௌகரியமோ அப்படிக் கிடக்கற உடம்பு. முகம் இருக்கு, கவனமாத்தான் வரைஞ்சிருக்காங்க, ஆனா அந்தப் பொண்ணு யாருங்கறத முகத்த விட அந்தக் கிடப்புதான் சொல்லுது. ரெனுவாருக்கு வந்த அந்த முகக் கேள்விக்கு கசாட்டோட பதில் இதுதான்னு நான் பாக்கறேன், ஒரு ஆள் மூக்குலயும் கண்ணுலயும் மட்டும் இல்ல, உக்கார்ற விதத்துலயும் இருக்காங்க. தூரத்துல முகமே தெரியாம வந்தாலும் நடைய வெச்சு நம்ம வீட்டு ஆள அடையாளம் கண்டுக்கறோம் இல்லையா, அந்த மாதிரி.

பார்வை எங்கேர்ந்து வருதுன்னும் கவனிங்க. பெரியவங்க நின்னு பாக்குற உயரம் இல்ல இது, கண்ணு கீழ இருக்கு, அதனால நாற்காலிகள் எல்லாம் பூதம் மாதிரி பெருசாத் தெரியுது, கூரையே படத்துல வரல. பொண்ணு அந்த நாற்காலிக்கு ரொம்பச் சின்னவ, காலு தரையத் தொடல. பெரியவங்களுக்காக செஞ்ச சாமான்களுக்கு நடுவுல ஒரு குழந்தையா இருந்தா உலகம் எப்படி இருக்கும்னு அந்த உயரத்துலேர்ந்தே காட்டிட்டாங்க. அப்புறம் சோபாக்கள் எல்லாம் படத்தோட விளிம்புல வெட்டுப்பட்டுப் போகுது, செல்போன்ல அவசரமா எடுத்த போட்டோ மாதிரி. அந்தக் காலத்துல அது பெரிய துணிச்சல். ஜப்பான்லேர்ந்து வந்து பாரிஸ்ல குவிஞ்ச மரக்கட்டை அச்சுப் படங்கள்ல இந்த மாதிரி விளிம்புல வெட்டறது சகஜம், டெகாவும் கசாட்டும் அதுல மயங்கினவங்க, போட்டோவும் அப்ப பரவலா வந்தாச்சு. ரூமோட நடுவுல வெறும் தரை, ஒண்ணுமே இல்லாத பழுப்பு சாம்பல் தரை, சுத்தி நீலம். அந்த வெத்து இடம்தான் மத்தியானத்தோட சலிப்ப சொல்லுதுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தோணுச்சு.

கசாட் அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல 1844ல பொறந்தவங்க. ஓவியம்தான் வாழ்க்கைன்னு பாரிஸ் வந்தாங்க, ஆனா அங்க பெரிய அரசாங்க ஓவியப் பள்ளியில பொண்ணுங்களுக்கு அப்ப இடம் கிடையாது, 1897லதான் கதவு தொறந்தது. அதனால தனியா ஆசிரியர் வெச்சுக் கத்துக்கிட்டாங்க, லூவ்ர் மியூசியத்துல பர்மிஷன் வாங்கி பழைய மாஸ்டர்களப் பாத்துப் பாத்து நகல் எடுத்தாங்க. 1868லயே சலான்ல படம் வந்தாச்சு. ஒரு கடை ஜன்னல்ல டெகாவோட படங்களப் பாத்துட்டு கண்ணாடியில மூக்க அழுத்தி வெச்சுப் பாத்துக்கிட்டு நிப்பேன்னு பின்னாடி அவங்களே சொல்லி இருக்காங்க. 1877ல சலான் அவங்க படங்கள நிராகரிச்ச சமயத்துல டெகா வந்து எங்களோட சேந்துக்கோங்கன்னு கூப்பிட்டார், உடனே சரின்னுட்டாங்க. அந்தக் கூட்டத்தோட கண்காட்சியில சேந்த ஒரே அமெரிக்கர் அவங்கதான்.

அவங்களும் பெர்த் மொரிசோவும் ஏன் இவ்வளவு குழந்தைகள வரைஞ்சாங்கன்னு கேட்டா, பொம்பளைங்கன்னா குழந்தைப் பாசம்னு சட்டுனு சொல்லிடுவாங்க, எனக்கு அந்தப் பதில்ல ஒப்புதல் இல்ல. கசாட் கல்யாணமே பண்ணிக்கல. டெகாவும் ரெனுவாரும் பகல்ல ராத்திரியில எந்த கஃபேயிலும் போய் உக்காரலாம், டான்ஸ் ஹாலுக்கும் நாடக மேடைக்குப் பின்னாடியும் போகலாம், அங்க இருக்கறவங்கள வரையலாம். மரியாதையான குடும்பத்துப் பொண்ணு தனியா கஃபேக்குப் போக முடியாத காலம் அது. அவங்களுக்குத் திறந்திருந்தது வீட்டு ஹால், தோட்டம், நாடகத்துல பெட்டி மாதிரி தனியா அடைச்ச சீட்டு, குழந்தைங்க ரூம். நவீன வாழ்க்கைய உள்ளபடி வரையணும்ங்கற அதே கொள்கையத்தான் இவங்களும் பிடிச்சாங்க, கிடைச்ச இடத்துல நின்னு பிடிச்சாங்க. அதனாலதான் வீட்டுக்குள்ள குழந்தை நிஜமா எப்படி இருக்கும்ங்கறது ஆம்பளை ஓவியர்கள விட இவங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. மொரிசோ தன் பொண்ணு ஜூலிய கைக்குழந்தையிலேர்ந்து பெரிய பொண்ணாகற வரைக்கும் விடாம வரைஞ்சாங்க. அந்த வரிசையப் பாத்தா ஒரு பொண்ணு வளர்றத பக்கத்துலயே இருந்து பாத்த மாதிரி இருக்கும்.

நீல நாற்காலிப் பொண்ணு டெகாவோட நண்பர்கள் வீட்டுக் குழந்தை. படத்துல டெகாவோட கையும் இருக்கு. 1903ல கசாட் வொலார்ங்கற ஓவிய வியாபாரிக்கு எழுதின கடிதத்துல சொல்றாங்க, பொண்ண நாற்காலியில வரைஞ்சு முடிச்சேன், டெகா நல்லா இருக்குன்னார், பின்னணிக்கு யோசனை சொன்னார், அவரே அதுல கொஞ்சம் வேலையும் செஞ்சார்னு. எங்க செஞ்சிருப்பார்னு ரொம்ப காலம் பேச்சு இருந்துச்சு. 2014ல வாஷிங்டன்ல டெகா, கசாட் ரெண்டு பேரையும் சேத்து கண்காட்சி வெச்சப்ப அந்தப் படத்த சுத்தம் பண்ணி அகச்சிவப்புக் கதிர்ல ஆராய்ஞ்சாங்க. கசாட் மொதல்ல பின் சுவரும் தரையும் சேர்ற கோட்டக் குறுக்கால நேரா போட்டிருந்தாங்க, அத மாத்தி சாய்வாக்கி ஒரு மூலைய உண்டாக்கினதுதான் டெகாவோட வேலைன்னு அதுலேர்ந்து சொல்றாங்க. சாய்கோடு டெகாவுக்கு உயிர். அந்த ஒரு மூலை வந்ததும் ரூம் பின்னாடி நீண்டு போகுது, காத்து புகுந்த மாதிரி ஆயிடுது. ஆனா அந்தப் பொண்ணு, அந்தக் கிடப்பு, அந்த நாற்காலி எல்லாம் கசாட்டோடது, இத நான் அழுத்தியே சொல்றேன், ஏன்னா ஒரு பெண் ஓவியரோட படத்துல ஒரு மூலைய ஆம்பளை தொட்டாப் போதும், படமே அவர் சொல்லிக் குடுத்ததுன்னு பேசறவங்க இன்னும் இருக்காங்க.

இவ்வளவு நல்ல படத்த 1878ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சிக்கு, அமெரிக்கப் பிரிவுக்கு அனுப்பினாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கசாட்டுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்ல, டெகாவும் வேலை செஞ்ச படங்கறதால இன்னும் அதிகம். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அதே வொலார் கடிதத்துல மறக்காம எழுதறாங்க, அந்தத் தேர்வுக் குழுவுல மூணு பேர், அதுல ஒருத்தர் மருந்துக் கடைக்காரர்னு.

அடுத்த வருஷம் 1879ல அவங்க இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில முதல் தடவையா கலந்துக்கிட்டாங்க. 1880 கோடையில அண்ணன் குடும்பம் அமெரிக்காவுலேர்ந்து வந்து தங்குனாங்க, அந்தப் பிள்ளைங்களயும் வரைய ஆரம்பிச்சாங்க, அப்புறம் பெரும்பாலும் குழந்தைகளும் அம்மாக்களும்தான். கடைசிக் காலத்துல கண்ணுல புரை விழுந்து பார்வை மங்கி வரையறதையே விட வேண்டியதாச்சு, 1926ல பாரிஸுக்கு வெளிய தன்னோட கிராமத்து வீட்டுல இறந்தாங்க.

படத்தப் பாக்க வாஷிங்டன் போகணும்னு இல்ல, அந்த கேலரியோட வெப்சைட்ல பெரிய சைஸ்ல இலவசமாவே இருக்கு. மொதல்ல போன்ல சின்னதா வெச்சுப் பாருங்க, ரூம், பொண்ணு, நாய், எல்லாம் பளிச்சுன்னு போட்டோ மாதிரி தெரியும். அப்புறம் நிதானமா பெருசாக்குங்க. முகத்துல ஆரம்பிச்சு, கவுனுக்கு வந்து, அந்தக் கட்டம் போட்ட துணிக்கு வந்து, அங்க கட்டமெல்லாம் எப்படி நாலு தீத்தலா உடையுதுன்னு பாத்துட்டு, நாற்காலிக் கைப்பிடியத் தாண்டி இடது பக்கம் நாய்கிட்ட போங்க. நாய இன்னும் பெருசாக்குங்க. சாம்பல் கலர்ல கொஞ்சம் கீத்து, முகத்துக்குக் கரும்பழுப்பு, அவ்வளவுதான் அங்க இருக்கு, காது எது மூக்கு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இப்ப மெதுவா சின்னதாக்கிக்கிட்டே வாங்க, எந்த இடத்துல அது நாயாகுதுன்னு பிடிக்கப் பாருங்க. நான் எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், இது வரைக்கும் அந்த இடத்தப் பிடிக்க முடியல, ஒரு நிமிஷம் வெறும் பெயின்ட்டு, அடுத்த நிமிஷம் அது சுருண்டு படுத்து தூங்கிக்கிட்டு இருக்கு.